திரையில் வரைவதும் படிப்புதான்

கல்லூரியில் படிக்கும் பிள்ளை கணினி முன் அமர்ந்து படம் வரைந்தால், "படிக்கிற நேரத்தில் விளையாட்டா?" என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். டிஜிட்டல் ஓவியம் மாணவரின் படைப்பாற்றலை எப்படி வளர்க்கிறது என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

காகிதத்தில் வண்ணம் தீட்டியபின் அதை மாற்றுவது கடினம். தாளுக்கும் வண்ணத்துக்கும் செலவாகும். அதனால் பலர் முதலில் தோன்றிய யோசனையோடு நின்றுவிடுகிறார்கள். கணினியிலோ படத்தைப் பல அடுக்குகளாக வரையலாம். கோடு ஓர் அடுக்கில், வண்ணம் வேறோர் அடுக்கில், பின்னணி இன்னொன்றில். ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றலாம். பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரே கருத்தைப் பத்து விதமாகச் செய்து பார்த்து, ஒப்பிட்டு, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

இது ஓவிய மாணவருக்கு மட்டும் உரியதல்ல. கட்டடக்கலை மாணவர் அறைக்குள் வெளிச்சம் எப்படி விழும் என்று வரைந்து பார்க்கலாம். மருத்துவ மாணவர் இதயத்தின் அறைகளை வரைந்து புரிந்துகொள்ளலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஓவியம் வரைய கிரிட்டா, வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப், அனிமேஷனுக்கு பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2002இல் பிளெண்டரை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதைப் பொதுச் சொத்தாக்கினார்கள். அதே பிளெண்டரில் உருவான லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலு வார்த்தை தட்டினால் செயற்கை நுண்ணறிவே படம் தந்துவிடுகிறது. பழகும் காலத்தில் அதையே நம்பினால் யோசிக்கும் பயிற்சி போய்விடும். பென்சிலும் நோட்டும் கையிலிருந்து நீங்கக் கூடாது. முடிந்த படத்தை மட்டும் பாராட்டாமல், "இதற்கு முன் வரைந்தவற்றைக் காட்டு" என்று பெற்றோரும் ஆசிரியரும் கேட்பது நல்லது.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். படிக்க யூசீட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் அதை எழுதலாம். மறுப்பதற்கு முன், பிள்ளை வரைந்ததை ஒருமுறை அருகில் அமர்ந்து பார்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.