கூம்பா: ஒரு பகைப் பாத்திரத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

காணொளி விளையாட்டு எனும்போது கற்றோர் பலர் அதனைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவர். ஆயின், கோடிக்கணக்கானோர் ஈடுபடும் ஒரு கலைவடிவத்தில் ‘பகைவன்’ எவ்வாறு உருவாக்கப்படுகிறான் என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பாத்திரமொன்றின் இயல்பைப் படைப்பாளியின் கருத்து மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அவனுக்குக் கிடைக்கும் கருவிகளும் தீர்மானிக்கின்றன. யப்பானிய நின்ரென்டோ நிறுவனத்தின் ‘கூம்பா’ இதற்குத் தக்க சான்றாகும்.

மியாமொட்டோ ஷிகேரு, தெசுகா தகாஷி ஆகியோர் வடிவமைத்த ‘சுப்பர் மாரியோ பிறதேர்ஸ்’ 1985 செப்ரெம்பரில் யப்பானில் வெளிவந்தது. அதில் விளையாடுபவர் முதலிற் சந்திக்கும் எதிரி கூம்பா. தடித்த புருவமும் வெளியே நீண்ட இரு பற்களும் கொண்ட, கைகளற்ற காளான் அது. யப்பானிய மொழியில் அதன் பெயர் குரிபோ. ‘குரி’ என்பது செஸ்நட் கொட்டையைக் குறிக்கும்.

முதலில் எதிர்ப்படும் இப்பாத்திரம் படைக்கப்பட்டவற்றுள் இறுதியானது என்பது மனங்கொள்ளத்தக்கது. தொடக்கத்தில் அவ்விடத்துக்குரியதாக இருந்தது ஓர் ஆமை. அதன்மேற் குதித்தால் அது ஓட்டுக்குள் ஒடுங்கும். பின்னர் அவ்வோட்டை உதைத்துத் தள்ளவேண்டும். புதியவருக்கு இவ்விரட்டைப் பாடம் கடினமாயிற்று. ஒரே மிதியில் அழியும் எளிய எதிரியொன்று வேண்டப்பட்டது. ஆனால் அவ்வேளை, 40 கிலோபைற் அளவேயான விளையாட்டுப் பேழையில் இடம் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. எனவே ஒரேயொரு உருவத்தை வரைந்து, அதனையே இடம் வலமாக மாறி மாறிப் புரட்டி நடக்கச் செய்தனர். கூம்பாவின் தள்ளாட்ட நடை கற்பனையின் செழுமையால் அன்று, நினைவகப் பஞ்சத்தால் பிறந்தது. நிலத்தடிக் கட்டங்களில் அது நீலநிறம் பெறுவதும் புதிய உருவத்தால் அன்று. நிறங்களை மாற்றியமைத்ததால் மாத்திரமே.

எழுத்தில் எந்த அறிவுறுத்தலும் இன்றி அது கற்பிக்கும் முறை வியக்கத்தக்கது. வெற்றுத் திரையின் இடப்புறம் மாரியோ நிற்க, வலப்புறத்திலிருந்து கூம்பா நேராக வருகிறது. தொட்டால் மரணம், குதித்தால் வெற்றி. அடுத்துப் பெட்டியொன்றிலிருந்து காளானொன்று வெளிப்படுகிறது. கூம்பாவைக் கண்டு அஞ்சியவர் இதற்கும் அஞ்சி விலகுவர். காளானோ குழாயில் மோதித் திரும்பி வருகிறது. தாவித் தப்ப முயல்பவரை மேலேயுள்ள கற்கள் தடுக்கின்றன. காளான் படுகிறது, மாரியோ பெரிதாகிறான். நன்மையும் தீமையும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வரும் என்பதே இரண்டாம் பாடம்.

விளையாட்டுடன் வழங்கப்பட்ட கையேடு கூம்பாவைக் காளான் இராச்சியத்துக்குத் துரோகம் செய்த காளான் என அறிமுகப்படுத்துகிறது. விளையாட்டில் அத்துரோகத்தைக் காட்டும் செயல் ஒன்றேனும் இல்லை. வந்த திசையில் நடப்பதன்றி வேறெதுவும் அது அறியாது. மிதிக்கப்படுவதற்கென்று உருவாக்கப்பட்ட ஒன்றுக்கு, மிதிப்பதை நியாயப்படுத்தும் வரலாறு சொல்லளவில் சேர்க்கப்பட்டது என்றே கொள்ளவேண்டியுள்ளது.

பின்வந்த மாற்றங்களுட் சில வெறும் அலங்காரங்களே: 1988இல் சிறகு முளைத்தது, பச்சைச் சப்பாத்தொன்றில் ஏறித் தாவியது. 1990இல் ‘சுப்பர் மாரியோ வேள்ட்’ அதனை உருண்டை வடிவினதாக்கி, மிதித்தாலும் சாகாமற் கவிழ்ந்து கிடக்கச் செய்தது. முக்கியமான திருப்பம் 2000ஆம் ஆண்டின் ‘பேப்பர் மாரியோ’ ஆகும். அங்கே அமைதியாக வாழும் கூம்பாக் குடும்பமொன்றைக் காண்கிறோம். அதில் ஒருவன், கூம்பாரியோ, மாரியோவின் வழித்துணையாகிறான். 2004இல் வெளிவந்த அடுத்த பகுதியிலே கூம்பெல்லா என்னும் தொல்லியல் மாணவி துணைவருகிறாள். எனினும் இவ்விளையாட்டுக்களிலும் பெயரற்ற கூம்பாக்கள் முன்போலவே வழிமறித்து வீழ்கின்றன. நாயகனோடு சேர்பவருக்கே தனிமனிதத் தன்மை வாய்க்கிறது. இவ்வளர்ச்சியின் எல்லை அது.

2017இல் வந்த ‘சுப்பர் மாரியோ ஒடிசி’யில் மாரியோ தன் தொப்பியை எறிந்து கூம்பாவின் உடலுக்குள்ளேயே புகுகிறான். அவ்வுருவில் இன்னொரு கூம்பாவின் தலைமீது குதித்தால் அது நசுங்குவதில்லை. ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக்கொண்டு நடக்கின்றன. பனித்தரையில் மாரியோவின் கால் வழுக்கும்; கூம்பாவின் கால் வழுக்குவதில்லை.