வில்லங்கம் தீராத கோப்பு

சார்பதிவாளர் அலுவலகத் தெருவில் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவர் எனக்குப் பல வருஷ வாடிக்கை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மதியம், மொபெட்டின் முன்பக்கம் சி.பி.யூ.வைச் சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்து இறங்கினார்.

"தம்பி, பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை அழிச்சிட்டுப் புதுசு போட்டேன். பழசு போகவே இல்லை. 'க' அடிச்சா என்னென்னமோ விழுது."

"எப்படிங்கய்யா அழிச்சீங்க?"

"முதல்ல திரையில இருந்த படத்தை அழிச்சேன். அப்புறம் உள்ள போய் ஃபோல்டரையே அழிச்சேன். எல்லாம் போச்சு, ரெண்டு ஃபைல் மட்டும் அசைய மாட்டேங்குது. தங்கச்சி பையன் நெட்ல இருந்து ஒரு கிளீனர் இறக்கினான். அது ஆயிரத்துச் சொச்சம் கோளாறுன்னு சிவப்பா காட்டி, பணம் கட்டுங்குது."

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதே வரிசையில்தான் செய்கிறார்கள். திரையில் இருப்பது வெறும் சுட்டி. அதை அழிப்பது கடைப் பெயர்ப் பலகையைக் கழற்றுவது மாதிரி; கடை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். ஃபோல்டரை நேராக அழிப்பது இன்னும் மோசம். நிரலை முறையாக வெளியேற்றும் அன்இன்ஸ்டால் கோப்பும் பெரும்பாலும் அதற்குள்ளேயேதான் இருக்கும். அதுவும் சேர்ந்து போய்விட்டால், பிறகு கன்ட்ரோல் பேனலுக்குப் போய் அன்இன்ஸ்டால் அழுத்தினாலும், ஏற்கெனவே நீக்கியிருக்கலாம் என்று விண்டோஸ் கையை விரித்துவிடும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது கொஞ்சம் விசித்திரமாகப்படும்: அதே நிரலை அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். காணாமல் போன அன்இன்ஸ்டால் கோப்பு திரும்ப வந்துவிடும். பிறகு முறைப்படி நீக்குங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடுகிறது. பெரியவரிடம் அந்தப் பழைய சி.டி. இல்லை. கையால்தான் செய்தாக வேண்டும்.

விண்டோஸ் ஒரு கோப்பை அழிக்க விடாததற்கு அநேகமாக ஒரே காரணம்தான்: யாரோ அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று தெரியாமல் டெலிட் பொத்தானை ஐம்பது தடவை அழுத்தியும் பிரயோஜனம் இல்லை. நான் 'ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற சின்ன இலவசக் கருவியைத் திறந்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும். அதில் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தி, அசையாத கோப்பின் பெயரைக் கொடுத்தால், பிடித்திருப்பவர்களின் பட்டியல் வரும்.

வந்தது. ஒருவர் இருவர் இல்லை. வேர்டு, பிரவுசர், விண்டோஸின் கோப்புகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் என்று திறந்திருந்த அத்தனையும் அந்த ஒரு கோப்பைப் பிடித்திருந்தன. டைப்பிங் சாஃப்ட்வேரின் வேலையே அதுதானே! எந்த நிரலில் தட்டச்சு செய்தாலும் விசையை நடுவழியில் மறித்துத் தமிழாக்க வேண்டும். அதற்காக அது தன் துணைக்கோப்பு ஒன்றை எல்லா நிரல்களுக்குள்ளும் நுழைத்து வைத்திருந்தது. பெரியவர் புதிதாகப் போட்ட சாஃப்ட்வேரும் அதே விசையை மறிக்கிறது. ஒரு விசைக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டதில்தான் 'க' சீரழிந்தது.

சரி, ஃபோல்டரில் முக்கால்வாசி போன பிறகும் இது எப்படி உயிர்த்தெழுகிறது? அடுத்த கருவி, 'ஆட்டோரன்ஸ்'. கணினி எழும்போது தானாக எழும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும். கோப்பு இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சிய வரிகளை மஞ்சளில் காட்டும். எங்கள் ஆள் மஞ்சளில் இல்லை; பிழைத்த இரண்டு கோப்புகளில் ஒன்று இதில் உயிரோடு உட்கார்ந்திருந்தது. "இந்தப் பட்டியல் எல்லாம் ரெஜிஸ்ட்ரின்னு ஒரு பதிவேட்டுல இருக்குங்கய்யா. ஃபோல்டரை அழிச்சாலும் இங்கே பதிவு அப்படியே நிக்கும்" என்றேன்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "வீட்டை இடிச்சுட்டேன், வில்லங்கம் போட்டுப் பார்த்தா அவன் பேர் இன்னும் வருது. அதானே?"

இருபது வருஷத்தில் ரெஜிஸ்ட்ரிக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

அந்த வரியின் டிக்கை எடுத்தேன். வரியை அழிக்கவில்லை. டிக்கை எடுத்தால் அது எழாது. தப்பாகிப்போனால் திரும்ப டிக் வைத்துக்கொள்ளலாம். ரீஸ்டார்ட் செய்தேன். பிடித்திருந்தவர்கள் எல்லோரும் கையை விட்டிருந்தார்கள். இரண்டு கோப்புகளும் ஒரே டெலிட்டில் போயின. அப்படியும் போகவில்லை என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடுக்குள் போய் அழிக்கலாம் (விண்டோஸ் 10, 11இல் இந்த வழி உண்டு). அங்கே அத்தியாவசியமானவை மட்டும்தான் ஓடும். ஆன்ட்டிவைரஸ் மட்டும் தனி ஜாதி. வைரஸ் தன்னை அழித்துவிடக் கூடாதே என்று தனக்குத் தானே காவல் போட்டிருக்கும். உங்களையும் அழிக்க விடாது. பெரும்பாலான ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் மிச்சத்தைத் துடைக்கத் தனிக் கருவியே தருகின்றன. அதை இறக்கி ஓட்டுவதுதான் வழி.

நான் சொன்ன இரண்டு கருவிகளையும் உருவாக்கியவர் மார்க் ருசினோவிச் என்ற அமெரிக்கர். 2005 அக்டோபரில் இவருக்கே ஒரு சம்பவம் நடந்தது. காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி பாட்டு சி.டி. ஒன்றைக் கணினியில் போட்டிருந்தார். நகல் எடுப்பதைத் தடுக்க அது தன் கோப்புகளைக் கணினிக்குள் இறக்கி, அவை கண்ணில் படாதபடி மறைத்தும் வைத்திருந்தது. கண்டுபிடித்துக் கையால் அழித்தார். சி.டி. டிரைவே கணினியிலிருந்து காணாமல் போனது! டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே அந்தக் கோப்பு தன்னை ஒரு கண்ணியாகக் கோத்து வைத்திருந்தது. கண்ணியை எடுத்ததும் சங்கிலி அறுந்தது. ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவுகளைத் தேடிப்பிடித்து நீக்கிய பிறகே டிரைவ் திரும்பி வந்தது. விஷயம் பெரிதாகி, அடுத்த மாதமே அந்த சி.டி.க்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விண்டோஸின் உள்ளும் புறமும் தெரிந்தவருக்கே இந்தக் கதி. அதனால்தான் கோப்பை அழிப்பதற்கு முன் அது எங்கெங்கே கோக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன்.

இப்போது அந்த ஆயிரத்துச் சொச்சம் கோளாறு. பயமுறுத்தும் வியாபாரம் என்பதுதான் என் தீர்ப்பு. ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கில் பதிவுகள் இருக்கும். செத்துப்போன சில நூறு வரிகள் அங்கே கிடப்பதால் கணினி வேகம் குறையாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. ஏதாவது ஒரு வரியை நீக்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு நீக்குங்கள். அதேபோல ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா ஃபோல்டர்களில் மிஞ்சிக் கிடப்பவை பல நேரம் வேண்டுமென்றே விட்டுவைக்கப்பட்டவை. நாளைக்கு அதே நிரலைத் திரும்பப் போட்டால் உங்கள் பழைய அமைப்புகள் அப்படியே இருக்கட்டும் என்று. ஜி.பி. கணக்கில் அடைத்தால் ஒழிய நான் அவற்றைத் தொடுவதில்லை.

இவ்வளவு வியாக்கியானம் பேசுகிற நான் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். இரண்டு கோப்பு போன உற்சாகத்தில், அந்த சாஃப்ட்வேர் விட்டுப்போன எழுத்துருவையும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் தேடி அழித்துவிட்டேன். சுத்தமாகச் செய்கிறேனாம்.

பெரியவர் சோதித்துப் பார்க்க 2003இல் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்றைத் திறந்தார். திரை முழுக்கக் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தமிழுக்கெனத் தனி இடம் கிடையாது. ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு போனால் வேஷம் கலைந்துவிடும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பதினைந்து வருஷப் பத்திர நகல்கள்.

நல்லவேளை, அதே எழுத்துரு என் கடைக் கணினியில் இருந்தது. ஏற்றியதும் நான்கு எல்லை விவரம் வரை அத்தனையும் தமிழாகத் திரும்பி வந்தது.

அந்த எழுத்துரு நூறு கிலோபைட் கூட இருக்காது. அதற்குப் பிறகு பெரியவர் இரண்டு கணினி மாற்றிவிட்டார். இரண்டு முறையும் நான் முதலில் ஏற்றியது அதைத்தான்.