பாட்டுச் சத்தத்தில் ஹார்ட் டிஸ்க் பழுதாகுமா?

திருவிழா, கல்யாணம், காதுகுத்து என விசேஷம் எதுவானாலும் இன்று பாட்டு போடுவது பெரும்பாலும் லேப்டாப்தான். ஒரு காலத்தில் ரேடியோ செட் கட்டுபவர்கள் இசைத்தட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பிறகு கேசட், சி.டி. என்று மாறி, இப்போது ஆயிரக்கணக்கான பாடல்கள் ஒரே லேப்டாப்புக்குள் அடங்கிவிட்டன. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் முளைப்பாரித் திருவிழா என்றால் ஆள் உயரத்திற்கு ஸ்பீக்கர் பாக்ஸ்களை அடுக்கிவிடுவார்கள். பக்கத்திலேயே ஒரு மேசை. அதன் மேல் லேப்டாப். காதைப் பொத்திக்கொண்டு நகரும் நாம், அந்த லேப்டாப் என்ன பாடுபடும் என்று யோசிப்பதில்லை.

யோசிக்க வேண்டும். ஏனென்றால் பல வீடுகளில் அதுதான் ஒரே கம்ப்யூட்டர். குழந்தைகளின் சான்றிதழ், குடும்பப் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாமே அதில்தான் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. லேப்டாப் டிஸ்க் பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுற்றும். தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதந்தபடி, நெருக்கமான தடங்களில் டேட்டாவைப் படிக்கிறது. இன்றைய டிஸ்க்குகளில் இரண்டு தடங்களுக்கு இடையே 100 நானோமீட்டர் கூட இருக்காது. நம் தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்!

இப்போது ஸ்பீக்கர் அதிர்கிறது. காற்று வழியாகவும், மேடைப் பலகை, மேசைக் கால் வழியாகவும் அதிர்வு லேப்டாப்பை அடைகிறது. ஹெட் தடம் மாறினால் டிஸ்க் படிப்பதை விட்டுவிட்டு, தட்டு மறுபடி சுற்றி வரக் காத்திருக்கும். பக்கத்துத் தடத்தில் உள்ள டேட்டா அழியக்கூடாது என்பதற்காக எழுதுவதையும் நிறுத்திவிடும். இது திரும்பத் திரும்ப நடந்தால் பாட்டு திக்கும்; விண்டோஸ் உறைந்து நிற்கும். அதிர்வு மிகக் கடுமையாகி ஹெட் தட்டில் உரசிவிட்டால், அந்த இடத்து டேட்டா போனது போனதுதான்.

உலகம் கண்ட உதாரணங்கள்

2008 டிசம்பர் இறுதியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரெண்டன் கிரெக், சர்வர் டிஸ்க்குகளின் அருகே நின்று உரக்கக் கத்தினார். அந்த நொடியே டிஸ்க்குகள் தாமதமாவது திரையில் வரைபடமாகத் தெரிந்தது. அந்த வீடியோவை இன்றும் யூடியூப்பில் பார்க்கலாம்.

2016 செப்டம்பரில் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் ஐ.என்.ஜி. வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. தீயை அணைக்கும் வாயு பீறிட்ட சத்தத்திலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை பல மணி நேரம் முடங்கியது.

2022 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் இன்ஜினியர் ரேமண்ட் சென் ஒரு பழைய கதையை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாடலைப் போட்டால் சில லேப்டாப்கள் நின்றுவிட்டன. அருகில் சும்மா இருந்த லேப்டாப்பும் நின்றது. டிஸ்க்கின் இயற்கை அதிர்வெண்ணும் பாட்டில் இருந்த ஓர் அதிர்வெண்ணும் பொருந்திப்போனதே காரணம். லேப்டாப் நிறுவனம் அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி நீக்கிச் சமாளித்ததாம்.

வீட்டில் சரி, விழாவில் தகராறு

நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் ஊருக்குப் போனால் பழுதான லேப்டாப்கள் என்னைத் தேடி வரும். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "தம்பி, வீட்ல நல்லா ஓடுது, செட்டு கட்டுனா மட்டும் திக்குது" என்று ஒன்றைக் கொண்டு வந்தார். வைரஸ் என்று நினைத்து இரண்டு முறை விண்டோஸ் மாற்றியிருந்தார். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராமை ஓட்டினேன். டிஸ்க் நிலை மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. புது எஸ்.எஸ்.டி. பொருத்திப் பாடல்களையெல்லாம் மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அவர் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்களில் பாதியைப் படிக்கவே முடியவில்லை. பாட்டை யாரிடமும் வாங்கிக்கொள்ளலாம். போட்டோவை யாரிடம் கேட்பது?

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உங்களிடம் இருப்பது எந்த டிஸ்க் என்று பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11-ல் ஸ்டார்ட் மெனுவில் 'டிபிராக்மெண்ட்' என டைப் செய்து, வரும் புரோகிராமைத் திறந்தால், மீடியா டைப் என்ற பகுதியில் 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்' அல்லது 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று காட்டும்.

2. ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள். அதில் சுழலும் பாகமே இல்லை. இந்த ஒரு மாற்றமே பெரிய பாதுகாப்பு.

3. ஸ்பீக்கரையும் லேப்டாப்பையும் ஒரே மேசையிலோ மேடையிலோ வைக்காதீர்கள். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஜெனரேட்டரும் தள்ளியே இருக்கட்டும்.

4. லேப்டாப்பின் கீழ் வெறும் ஸ்பாஞ்ச் வைத்தால் காற்றுத் துளை அடைபட்டுச் சூடாகும். பாதி காற்றடித்த சைக்கிள் டியூப் அல்லது ஸ்பாஞ்ச், அதன் மேல் கனமான கடப்பாக்கல், அதற்கு மேல் லேப்டாப் என்று வையுங்கள். மெத்தென்ற அடிப்பகுதியும் மேலே உள்ள கனமும் சேர்ந்தால்தான் அதிர்வு குறையும்.

5. யு.எஸ்.பி. கேபிள்கள் அதிர்வில் கழன்றுவிடும். சற்றுத் தளர்வாக விட்டு, மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். பாட்டு ஓடும்போது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கவே வேண்டாம். பாடல்களின் இன்னொரு நகல் பென் டிரைவில் இருக்கட்டும்.

6. வீட்டில் சப் ஊபர் உள்ள ஸ்பீக்கர் செட் வைத்திருப்பவர்கள், அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டர் கேபினெட் மேலோ, ஒட்டியோ வைக்காமல் தரையில் தள்ளி வையுங்கள்.

7. பேக் அப்! எஸ்.எஸ்.டி.யும் முன்னறிவிப்பின்றிப் பழுதாகலாம். எனவே முக்கியமான பைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து பீரோவில் வையுங்கள்.

அடுத்த முறை "விசேஷத்துக்கு உன் லேப்டாப்பைக் கொஞ்சம் கொடு" என்று யாராவது கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். போட்டோக்களைக் காப்பி எடுத்த பிறகு!