புளியரை சாலையும் 16 சக்கர டாரஸும்

கடையம், ஆலங்குளம் பக்கத்துக் கல்குவாரிகளில் ஏற்றிய ஜல்லியும் எம்-சாண்டும் தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. ஆறு சக்கர டிப்பர்கள் ஓடிய பாதையில் இன்று 16 சக்கர டாரஸ் லாரிகள் வரிசைகட்டுகின்றன. குற்றால சீசனுக்குக் கேரளத்திலிருந்து வரும் வேன்களுக்கும் இதே சாலைதான்.

சுரங்க வண்டிகள் உலகெங்கும் பெருத்துக்கொண்டேதான் வருகின்றன. கேட்டர்பில்லர் 797எஃப் ஒரு நடைக்கு 363 டன் சுமக்கும். 2013-ல் பெலாரஸ் நாட்டில் உருவான பெலாஸ் 75710 சுமப்பது 450 டன். ஒரு டிரைவரின் உழைப்பில் பல மடங்கு கல் நகர்கிறது, டன்னுக்கு ஆகும் செலவு குறைகிறது. வண்டியை நாலைந்து அள்ளலில் நிரப்பியாக வேண்டும் என்பதால் அள்ளும் இயந்திரமும் கூடவே வளர்ந்தது. ஆனால் அந்த ராட்சத வண்டிகள் சுரங்கத்தை விட்டு வெளியே வருவதில்லை. அவற்றுக்கான பாதையைச் சுரங்க நிறுவனமே தன் செலவில் போட்டுப் பராமரிக்கிறது. நம் டாரஸோ பள்ளத்திலிருந்து ஏறியதும் ஊர்ச்சாலைக்கு வந்துவிடுகிறது. மிச்சமாகும் பணம் குவாரிக்கு, சாலை போடும் செலவு மக்களுக்கு. இது நியாயமே இல்லை.

2018 ஜூலையில் மத்திய அரசு பார வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. ஐந்து அச்சு லாரியின் மொத்த எடை 37 டன்னிலிருந்து 43.5 டன்னுக்குப் போனது. கொஞ்சம்தானே என்று தோன்றும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையில், சாலையின் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுவது தெரிந்தது. அந்தக் கணக்கில் கூடுதல் 1.3 டன்னே சேதத்தை 60 சதவீதம் உயர்த்தும். வரம்புக்கு மேல் கால் பங்கு ஏற்றினால் சேதம் இரண்டரை மடங்கை நெருங்கும்.

2024 பிப்ரவரியில் பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று புளியரை எஸ் வளைவில் கவிழ்ந்து ரயில் பாதையில் விழுந்தது. டிரைவர் இறந்தார். பக்கத்தில் குடியிருந்த முதிய தம்பதி டார்ச் அடித்து, வந்த ரயிலை நிறுத்தினார்கள். அது குவாரி லாரி அல்ல. ஆனாலும் அந்த வளைவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வீடு கட்ட ஜல்லி வேண்டும், குவாரி வேலையை நம்பிக் குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் கல் வெட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வரம்பு மீறி ஏற்றிய லாரி, புளியரைச் சோதனைச்சாவடியில் பிடிபடுவதற்குள் பாதி மாவட்டத்தைக் கடந்துவிடுகிறது. குவாரி வாசலிலேயே எடைமேடை வைத்து, அச்சு எடையை நடைச்சீட்டில் எழுதிய பிறகே வண்டியை வெளியே விட வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதை உடனே கட்டாயமாக்க வேண்டும்.