பொறிக்குள் புகுந்த காற்று

காரைக்காலின் நெடுங்காட்டுப் பக்கம் வயலோரக் கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்காலில் ஒரு சொட்டு நீர் விழாது. உழவர் மோட்டாரைக் குறை சொல்வதில்லை. "ஏர் வாங்குது" என்று நோயை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஓட்டத்தை நிறுத்தி, எக்கியின் மேல்வாயைத் திறந்து குடம் குடமாக நீர் ஊற்றுவார். அடியில் ஃபுட் வால்வு கசிகிறதென்று பட்டால் சாணத்தைக் கரைத்து ஊற்றிக் கசிவை அடைப்பார். மறுபடி ஓட்டும்போது குழாய் முதலில் கனைக்கும்; பிறகு நுரை கக்கும்; அதன் பிறகே நீரைப் பிடிக்கும்.

காவிரியின் கடைமடையான காரைக்கால் மண்ணில் வளர்ந்த எவருக்கும் இது புதிதன்று. மகிழுந்தின் முன்மூடிக்கு அடியில் சுழலும் வாட்டர் பம்பும் வயல் மோட்டாரைப் போன்ற மையவிலக்கு எக்கியே. சுழலும் இதழ்கள் நீரை விளிம்புக்கு வீசுகின்றன. வீசப்பட்ட இடத்தை நிரப்பப் பின்னிருந்து நீர் வருகிறது. காற்றோ நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு எடை குறைந்தது. இதழ்கள் எவ்வளவு சுழன்றாலும் அதை வீசி எறிய இயலாது. எக்கிக்குள் காற்று நிறைந்துவிட்டால் எக்கி சுழலும், நீர் நகராது.

வயலில் நீர் வராவிட்டால் பயிர் சில நாள் பொறுத்துக்கொள்ளும். மகிழுந்தின் பொறியோ சில நிமிடங்கள்கூடப் பொறுக்காது. உருளைக்குள் எரியும் வளியின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசைத் தாண்டும். உருளைகளின் மேல் மூடியாக அமர்ந்திருக்கும் அலுமினியத் தலையோ 660 பாகைக்குள்ளேயே உருகிவிடும். அந்த வெப்பத்திலிருந்து அலுமினியத்தைக் காப்பது அதன் குடைவுகளில் ஓடும் நீர் ஒன்றே. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த நீர் சுமந்துசென்று ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது.

அந்த நீரில் ஒரு குமிழி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. அளவாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் சுரீரென்று ஆவியாகிவிடும். கல் மிகக் காய்ந்துவிட்டால் அதே நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆவியாக நெடுநேரம் எடுக்கும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே உருவான மெல்லிய ஆவிப்படலம் வெப்பத்தைக் கடக்கவிடாமல் தடுப்பதே காரணம். 1756-இல் செருமானிய மருத்துவர் இலைடன்ஃபிராசுட் இதை விரித்து எழுதினார். இன்றும் இந்நிகழ்வு அவர் பெயராலேயே வழங்குகிறது. பொறித்தலையின் சுவரில் வளிப்படலம் ஒட்டிக்கொண்டால் நிகழ்வதும் இத்தகையதே. வெப்பத்தைக் கடத்தும் திறனில் காற்று நீரில் 20-இல் ஒரு பங்குகூட இல்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை சூடேற வாங்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால், ஒரு லிட்டர் காற்று வாங்குவது 3,500-இல் ஒரு பங்கு. படலம் ஒட்டிய இடத்தில் உலோகம் தனியே காயத் தொடங்கும். அதைச் சுற்றியுள்ள நீர் ஆவியாகும். ஆவி படலத்தை மேலும் பெரிதாக்கும். ஒரு கிராம் நீர் ஆவியானால் இடம் 1,600 மடங்குக்கு மேல் விரியும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. வெப்பமானியின் உணர்முனை காற்றுப் பொதிக்குள் சிக்கிக்கொண்டால், அது நீரின் வெப்பத்தை அறியாது. தலை வெந்துகொண்டிருக்க, ஓட்டுநர் முன்னுள்ள முள் அமைதியாக நடுவில் நிற்கும். முள்ளை நம்பி வண்டியை ஓட்டித் தலையை வளைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஆகவே குமிழியைக் கண்டால் அஞ்சுவது இயல்பு. ஆனால் எல்லாக் குமிழியும் ஒரே ஊரிலிருந்து வருவதில்லை. பட்டறைகளில் நான் கண்ட பெருங்குறை, குமிழி என்றதுமே "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று தீர்ப்பெழுதித் தலையைக் கழற்ற ஆயத்தமாவதுதான். வயலில் நிற்பவர் எந்த இணைப்பில் காற்று வாங்குகிறது என்று முதலில் தேடுகிறார். அந்தப் பொறுமை பட்டறைக்கும் வேண்டும்.

நீரை மாற்றியவுடன் தோன்றும் குமிழி பெரும்பாலும் தீங்கற்றது. பானையில் வெந்நீர் வைக்கும்போது, கொதிப்பதற்கு நெடுநேரம் முன்பே அடியில் மணி மணியாகக் குமிழ்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். அது ஆவியன்று, குளிர்ந்த நீரில் கரைந்திருந்த காற்று, சூடேற ஏறக் கரைசலை விட்டு வெளியேறுவது. புதுநீர் ஊற்றிய பொறியிலும் முதல் முறை சூடேறும்போது இதே மணிகள் எழும்; பிறகு அடங்கும். இவற்றோடு, ஊற்றும்போதே மூலைகளில் அடைபட்ட காற்றும் இருக்கும். கடைமடைக்கு நீர் கடைசியில் வருவதுபோல், பொறியிலும் சில மூலைகளுக்கு நீர் எளிதில் எட்டாது. தலையின் உச்சிக் குடைவும், உள்ளறைக்கு வெப்பம் தரும் ஹீட்டர் குழாயும் அத்தகைய மூலைகள்.

காரைக்காலில் ஹீட்டர் திருகைத் தொட்டவர் யார்? வண்டி வாங்கிய நாள் முதல் அது நீலத்திலேயே நிற்கும். சில வண்டிகளில் அதைச் சிவப்பின் கடைசிக்குத் திருப்பினாலன்றி அக்குழாயின் வழி திறக்காது. உள்ளே அடைபட்ட காற்றும் வெளிவராது. காற்று என்றும் உயரத்தையே நாடும். எனவே ஊற்றும் வாய் எல்லாவற்றினும் உயர்ந்து நிற்க வேண்டும். ஆற்றுப் பாலங்களின் ஏறுமுகத்தைத் தவிர மேடே இல்லாத ஊர் இது. ஆதலால் முன்சக்கரங்களைப் பலகை மீதோ சரிவு மேடை மீதோ ஏற்றி நிறுத்துவார்கள். வாயில் புனலைப் பொருத்தி, கூலண்ட் எனும் குளிர்நீரை நிரப்பி, பொறியை ஓடவிட்டால் முதலில் ஒன்றிரண்டு பெருங்குமிழ்கள் 'குளுக்' என்று எழும். ஒவ்வொன்றுக்கும் புனலில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கும். சூடேறியதும் நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 பாகைக்குள் திறக்கும்போது இன்னொரு தொகுதி வெளிவரும். பிறகு மட்டம் நிலைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது, வெளியிலிருந்து உறிஞ்சப்படும் காற்று. இதற்கு மூடியைப் புரிந்துகொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. இரண்டு வால்வுகள் கொண்ட காவலாளி. உள்ளே அழுத்தம் ஏற ஏற நீரின் கொதிநிலையும் ஏறும். 0.9 பார் என்று பொறித்த மூடி ஒழுங்காகப் பிடித்தால், கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர் ஏறத்தாழ 119 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். வீட்டுக் குக்கரின் நுட்பமும் இதுவே. 1739-இல் காரைக்காலைக் கைக்கொண்டு இடைவெளிகளோடு 1954 வரை ஆண்ட பிரெஞ்சு நாட்டில் பிறந்த தெனி பப்பேன் என்பவரே, 1679-இல் இலண்டனில் அழுத்தக் கலத்தைச் செய்து காட்டினார். மூடியின் பெரிய வால்வு தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. நீர் முன்கூட்டியே கொதித்துக் குமிழியிடும். சிறிய வால்வின் வேலை வேறு. பொறி ஆறும்போது நீர் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது ரேடியேட்டருக்குப் பக்கத்திலுள்ள சேமக் கலத்திலிருந்து கூலண்ட் திரும்ப உள்ளே இழுக்கப்பட வேண்டும். வால்வு சிக்கிக்கொண்டாலோ, இடைக்குழாயில் வெடிப்பு இருந்தாலோ, கூலண்டுக்கு மாறாகக் காற்று நுழையும். ஒழுக்கு எங்கும் தெரியாது. ஆனால் காலையில் மட்டம் குறைந்திருக்கும். வாட்டர் பம்பின் உறிஞ்சுபக்கத்திலும் இதே நிலைதான். வயல் மோட்டாரின் உறிஞ்சுகுழாய் போலவே, நீரைச் சொட்டவிடாத மெல்லிய வெடிப்பும் காற்றை உள்ளே விடும்.

சூடான பொறியின் மூடியை மட்டும் எவரும் திறக்க வேண்டா. அழுத்தம் விடுபட்ட நொடியில் 110 பாகை நீர் ஒரே பாய்ச்சலாக ஆவியோடு பொங்கி முகத்தில் அடிக்கும்.

இறுதியாக, அஞ்சத்தக்க குமிழி. பொறித்தலைக்கும் உருளைத் தொகுதிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கெட். அதன் ஒரு புறம் எரிதலின்போது 40, 50 பார் அழுத்தம். மறுபுறம் குளிர்நீரின் ஒரு பார். தகட்டில் மயிரிழை வழி கிடைத்தாலும் போதும், எரிவளி நீருக்குள் பீச்சியடிக்கும். பொறி நிறுத்திய பிறகு ஓட்டம் திரும்பும். எஞ்சிய அழுத்தத்தில் நீர் உருளைக்குள் கசியும். விடியலில் வண்டி திக்கித் திணறிக் கிளம்புவதும், வெண்புகை கக்குவதும் அதனால்.

இதைக் கண்டறிய ஓர் எளிய முறையைக் கடற்கரைச் சாலைப் பட்டறை ஒன்றில் பார்த்தேன். இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டி. பட்டறைக்கார முதியவர் மூடியைத் திறந்து, நீரை விளிம்புவரை நிரப்பி, வாயை அடைத்து, சேமக் கலத்துக்குச் செல்லும் சிறுகுழாயின் நுனியை நீர் நிறைந்த கண்ணாடிப் புட்டிக்குள் அமிழ்த்தினார். பொறி உயிர்பெற்று அரை நிமிடம்கூட ஆகவில்லை. புட்டியில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மேல்குழாயை அழுத்திப் பார்த்தார். கைச்சூடும் ஏறாத குழாய் கல்லாக இறுகியிருந்தது. "சூடே ஆகலிங்க, அதுக்குள்ள மூச்சு விடுது" என்றார். அந்த ஒரு வரியில் அறிவியல் முழுவதும் அடங்கியிருந்தது. நீர் குளிர்ந்திருக்கும்போது கொதிக்க இயலாது, விரியவும் நேரமில்லை. ஆகவே அழுத்தம் வேறிடத்திலிருந்து வருகிறது. பிறகு ஒவ்வோர் உருளையாக எரிபொருள் இணைப்பைக் கழற்றி மாட்டினார். மூன்றாம் உருளையை நிறுத்தியபோது குமிழ்கள் தளர்ந்தன.

இதுவும் உறுதியான சான்றாகிவிடாது. உறிஞ்சப்பட்ட காற்றும் சில நேரம் இவ்வாறே நடிக்கும். ஐயத்தை அறுக்க ஒரு சாயம் இருக்கிறது. புரோமோதைமால் நீலம் எனப்படும் அது, பள்ளி வேதியியல் கூடங்களில் நாம் உறிஞ்சுகுழலால் ஊதி விளையாடிய அதே நீலக் கரைசல். மூச்சிலுள்ள கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) பட்டதும் பச்சையாகி மஞ்சளாகும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் கரிவளி 0.04 விழுக்காடே, பெட்ரோல் எரிந்த புகையிலோ 12 விழுக்காட்டுக்கும் மேல். ரேடியேட்டர் வாயில் எழும் வளியை இச்சாயத்தின் வழியே இழுத்தால், வெளிக்காற்றுக்கு நீலம் மாறாது; எரிவளிக்கு மஞ்சளாகும். டீசல் பொறிக்குத் தனிச்சாயம் உண்டு. நீர்மட்டத்தைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கூலண்ட் சாயத்தில் கலந்தால் முடிவு பொய்க்கும். மிக நுண்ணிய கசிவு சுமையேற்றி ஓட்டிய பின்னரே தலைகாட்டும் என்பதால், ஒருமுறை நீலமாகவே நின்றாலும் மறுநாள் மீண்டும் பார்ப்பது நலம்.

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுச் சாலையில் ஊர்ந்து செல்லும் வெளியூர் வண்டிகளில் சில ஓரங்கட்டி முன்மூடியைத் திறந்து நிற்பதுண்டு. ஊரும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது தணிந்தால் விசிறியைப் பாருங்கள். அது காற்றுக்குமிழி வழக்கன்று. நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் நீரோட்டத்தைப் பாருங்கள். எப்படியாயினும் பக்கத்துக் குழாயடி நீரை ஊற்றுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். கடலோர நிலத்தடி நீரின் உப்பு அலுமினியத்தை அரிக்கும். அரிப்பு தகட்டின் விளிம்பை உண்டு, இல்லாத நோயை உண்டாக்கும். உறைபனியே காணாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு என்பார்கள். உறைவதைத் தடுக்க அன்று. அரிப்பைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு ஆகையால், வடித்த கூலண்டைக் குழந்தையும் நாயும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

தலையைக் கழற்றினால் பல நாள் வேலை. தேய்த்துச் சமன்செய்யும் கூலி, புதுத் தகடு, புதுப் போல்ட்டுகள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். சாயச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். காரைக்காலின் ஒவ்வொரு பட்டறையும் அந்த நீலச் சாயக்குழலை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்காரர்களும், அதைப் போட்டுக் காட்டிய பிறகே தலையைத் திறக்க ஒப்புக்கொள்ள வேண்டும்.