பெருவிரல் மையும் பீடியா சீட்டும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல மாதம் சாப்பாடே வைக்கவில்லை! லேப்டாப், ஸ்டாம்ப் பேடு, பிளாஸ்டிக் ஃபைல், ஜெராக்ஸ் கட்டு, நடுவில் கோவில்பட்டி கடலை மிட்டாய் டப்பா. தட்டு எல்லாருக்கும் மடியில்தான். அக்கா மகள் எம்.டி. குழந்தை மருத்துவத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டர் 'குழந்தை டாக்டர்' ஆவதற்குள் வீட்டுக்குள்ளே என்னென்ன கூத்தெல்லாம் நடக்கிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைத்த சித்தி நான். விடுவேனா? செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், உள்ளே போவோம்.

அவள் எம்.பி.பி.எஸ். படித்தது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியில். 2000-ல் தொடங்கிய கல்லூரி. அவளுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது! நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு வேலை. கரிசல் காட்டு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. காலையில் ஓ.பி., இரவில் புத்தகம். மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்கு எம்.பி.பி.எஸ். பாடம் பத்தொன்பதையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். "குழந்தைகள் பாடம் வரும்போது மட்டும் தூக்கம் வராது சித்தி" என்பாள்.

ஒரு பெருவிரல், ஏழு தடவை

விண்ணப்பத்தில் புகைப்படம், கையெழுத்து, பெருவிரல் ரேகை மூன்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். படம் விதிப்படி இல்லையென்றால் திருத்தச் சொல்லி அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பே வரக்கூடாது என்று வீடே ஒற்றைக் காலில் நின்றது. முதல் ரேகை அப்பிக்கொண்டது. இரண்டாவதில் பாதிதான் விழுந்தது. மூன்றாவதை ஆச்சி முந்தானையால் துடைத்துவிட்டாள். ஏழாவதில்தான் கோடு கோடாக, கோலம் போட்ட மாதிரி விழுந்தது. நாங்கள் கை தட்டினோம்!

அவள் தன் நீல விரலைப் பார்த்துச் சிரித்தாள். "பிரசவ வார்டுல பிறந்த பிள்ளையோட பாதத்துல மை தடவி கேஸ் ஷீட்டுல பதிப்போம் சித்தி. இத்தனூண்டு பாதம். நான் எடுத்த முதல் பாதம் ஒரே தடவையில விழுந்துது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்." இந்தப் படிப்பு எங்கே தொடங்கியது என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

மூக்குத்தி கழற்றிய காலை

2025-ம் வருடத் தேர்வு முதலில் ஜூன் 15 என்றார்கள், இரண்டு ஷிப்ட் என்றார்கள். ஒரே ஷிப்டில்தான் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஆகஸ்ட் 3-க்குப் போனது. நாடு முழுக்க 2 லட்சம் பேருக்கு மேல் ஒரே காலையில் எழுதினார்கள். எங்கள் பிள்ளைக்குத் தேர்வு மையம் திருநெல்வேலி. விடியும் முன்னே கிளம்பினோம். நகை எதுவும் போகக்கூடாது. மோதிரம், வளையல், சங்கிலி எல்லாம் கழற்றியாயிற்று. மூக்குத்திக்கு மட்டும் ஆச்சி மல்லுக்கு நின்றாள். கடைசியில் அவளே கழற்றி, தன் சுருக்குப் பையில் முடிந்துகொண்டாள்.

உள்ளே நடப்பதைக் கேளுங்கள். 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4. தவறினால் 1 போய்விடும். இதை ஐந்து பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 40 கேள்வி, 42 நிமிடம். 42-வது நிமிடம் முடிந்ததும் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும். 'அதைக் கொஞ்சம் மாற்றிவிடலாமே' என்று திரும்பிப் போக வழியே இல்லை! பன்னிரண்டரைக்கு வெளியே வந்தவள் எதுவும் பேசவில்லை. ஆச்சியிடம் மூக்கை நீட்டினாள். ஆகஸ்ட் 19-ல் ரிசல்ட்.

நாலு சீட்டில் ஒரு சீட்டு

ரேங்க் வந்தால் சீட்டு வந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை, உண்மையான விறுவிறுப்பே இனிமேல்தான்! அரசுக் கல்லூரியில் நாலு சீட்டு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி இரண்டைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு தேர்வுக் குழு நிரப்பும். அதில் ஒன்று, ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. இதைத்தான் 'சர்வீஸ் கோட்டா' என்கிறார்கள். அந்த ஒன்று சும்மா வரவில்லை. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

பிறகு வந்தது சாய்ஸ் ஃபில்லிங். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசை போட வேண்டும். வரிசையில் மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வரியும் ஒரு வாழ்க்கை! ரேடியாலஜி, டெர்மட்டாலஜி, ஜெனரல் மெடிசினுக்கு எப்போதும் அடிதடி. "ரேடியாலஜியை மேல போடு, நைட்டு தூங்கலாம்" என்று போனில் சொல்லாத உறவினர் இல்லை. அவளோ சீனியர்களுக்குப் போன் போட்டு, வார்மர் எத்தனை, நைட் டியூட்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று விசாரித்து டைரியில் குறித்துக்கொண்டிருந்தாள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி… கல்லூரிகள் மாறி மாறி ஏறி இறங்கின. பிரிவு மட்டும் மாறவே இல்லை. எல்லா வரியிலும் பீடியாட்ரிக்ஸ், அதாவது குழந்தை மருத்துவம்.

வரிசையைப் பூட்டுவதற்கு 'லாக்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தப் போகிற ராத்திரிதான் பக்கத்து வீட்டுப் பெண் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சளி, காய்ச்சல், மூச்சு வேகமாக வாங்குகிறதாம். இவள் ஸ்டெதஸ்கோப்பைத் தேடவில்லை. "முதல்ல பால் கொடுங்கக்கா, அழுகை நிக்கட்டும்" என்றாள். குழந்தை அடங்கியதும் சட்டையை மேலே தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, முழுசாக ஒரு நிமிடம் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை! "நாப்பத்தி நாலு." இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 50-ஐத் தொட்டால் வேகம், நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினாள். நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கிறதா என்று பார்த்தாள். எடையைக் கேட்டு, மருந்து எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டாள். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமானாலோ ராத்திரி எந்நேரமானாலும் கதவைத் தட்டச் சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து 'லாக்' அழுத்தினாள்.

பாப்பாவுக்குப் பாட்டு எழுதிய பாரதி பிறந்த எட்டயபுரம்தான் எங்கள் ஊர். அந்த ஊரில் ஒரு பெண் இரவு பதினொரு மணிக்குப் பச்சைப் பிள்ளையின் மூச்சை எண்ணுவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒதுக்கீடு வந்த அன்று சனிக்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். தெருவெல்லாம் ஆடுகளின் சத்தம். அதை மீறி அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாமா, யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடி வந்துவிட்டார்! திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, எம்.டி. பீடியாட்ரிக்ஸ், மூன்று வருடம். அதாவது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி! நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது பெரிதாக வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அதே ஆஸ்பத்திரி. கடலை மிட்டாய் டப்பா அஞ்சு நிமிடத்தில் காலி.

உங்கள் தெருவிலும் பி.ஜி.க்குப் படிக்கிற டாக்டர் பிள்ளை ஒன்று இருக்கும். பார்த்தவுடன் ரேங்க் கேட்கிறோம். அடுத்த முறை, எந்தப் பிரிவு ஆசை என்று கேளுங்கள். அந்த முகம் மாறுவதைப் பாருங்கள். குழந்தைகள் பிரிவு என்று சொன்னால் கையைப் பிடித்து வாழ்த்துங்கள். சர்வீஸ் கோட்டாவில் படிக்கப் போகிறவர்கள் படித்து முடித்து அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்பி வருவார்கள். அந்த விண்ணப்பத்தில் விழுகிற பெருவிரல் ரேகை நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக வைத்தது.