கழிமுகம்: கால்நடையில் ஒரு பாடம்

ஆறு கடலோடு கலக்குமிடத்தைத் தமிழில் கழிமுகம் என்கிறோம். மலாயர் 'கோல' என்பர். கோல சிலாங்கூர் என்னும் ஊர்ப்பெயரிலேயே புவியியல் பாடம் அடங்கியுள்ளது. அதை மாணவர்க்கு விளக்க ஒரு பகல் நடை போதும்.

காலையில் மெலாவத்திக் குன்றில் ஏறுக. 1784-இல் டச்சுக்காரர் இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றிய காரணம் அங்கு நின்று பார்த்தால் விளங்கும்: ஆற்றுவாயிலைக் காப்பவனே உள்நாட்டு வாணிகத்தை ஆள்வான்.

குன்றடியில் கண்டற்காடு. கடல்நீர் எதிர்ப்பட ஆற்றின் வேகம் குன்றுகிறது. சுமந்து வந்த வண்டல் படிந்து சேறாகிறது. சேற்றினுள் காற்றில்லை. ஆதலால் சில மரங்களின் வேர்கள் மூச்சுவிட மேல்நோக்கி நிற்கின்றன.

பின்னர் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் உள்நோக்கி நடந்தால் கம்போங் குவாந்தான். உவர்ப்புக் குறைந்த இக்கரையில் பெரெம்பாங் மரங்கள் வளர்கின்றன. இருட்டியதும் அவற்றின் இலைகளில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து பெண் மின்மினிகளை அழைக்கும். இவற்றின் புழுக்களோ கரையோர ஈரநிலத்து நத்தைகளைத் தின்று வளர்வன. எனவே, மரத்தை விட்டுவைத்து அடுத்த நிலத்தை அழித்தாலும் மின்மினி அழியும்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒளியை வியப்பதோடு நில்லாமல், அது பிறக்கும் சேற்றையும் மதிக்கக் கற்கட்டும்.